ஆங்கிலச் சொல் அறிவோம்: "செக்"

"செக்" என்ற சொல் தோட்டத்தில் எல்லார் வாயிலும் உண்டு. ஆனால் இடத்துக்கு இடம் பொருள் மாறும். பிள்ளைகளோடு பெற்றோரும் படியுங்கள்.

1. சரிபார்த்தல்: "கணக்கை செக் பண்ணு" என்கிறோமே, அதுதான். ஒத்த சொற்கள்: எக்சாமின், வெரிஃபை, இன்ஸ்பெக்ட். வெரிஃபை என்றால் உண்மைதானா என்று உறுதி செய்வது. இன்ஸ்பெக்ட் என்றால் அதிகாரி நேரில் வந்து பார்வையிடுவது.

2. தடுத்தல்: நோய் பரவுவதைத் தடுப்பதும் "செக்"தான். ஒத்த சொற்கள்: ஸ்டொப், கொன்ட்ரோல்.

3. கட்டம்: செக் சாரம், செக் சட்டை.

4. சதுரங்கம்: அரசனுக்கு ஆபத்து என்ற எச்சரிக்கை. சொல் பிறந்ததே இங்குதான். பாரசீக மொழியில் "ஷா" என்றால் அரசன்.

5. காசோலை: உச்சரிப்பு ஒன்றுதான். எழுதும்போது "கே" வராது, "கியூ" வரும்.

இனி நம்ம செக்ரோல். ரோல் என்றால் பெயர்ப் பட்டியல். முழுப் பேரா, அரைப் பேரா என்பது இதில்தான் விழும். சேமலாப நிதிக்கு நம்மிடம் பிடிக்கும் 8 வீதமும், நிர்வாகம் போடும் 12 வீதமும் சம்பளத்தை வைத்தே கணக்காகும். ஒரு நாள் பேர் விடுபட்டால் இன்றைய கூலியும் குறையும், வயதான காலத்துப் பணமும் குறையும்.

ஆகவே செக்ரோலையும் செக் பண்ண வேண்டும். வேலை செய்த நாளை வீட்டுக் கலண்டரில் குறியுங்கள். சம்பளத் துண்டோடு ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அந்த மாதமே கணக்கப்பிள்ளையிடம் கேளுங்கள்; சரிவராவிட்டால் ஒபிசுக்குப் போங்கள்.

பயிற்சி: "டொக்டர் பிரஷர் செக் பண்ணினார்." "பேங்கில் செக் மாற்றினேன்." எது எந்தப் பொருள்? பிள்ளைகள் சொல்லட்டும்.