கதிர்வீச்சுச் சிகிச்சையின்போது வாய்ப்புண்: தடுப்பும் தணிப்பும்

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோரில் பெரும்பாலானோருக்கு வாய்ப்புண் தோன்றுகிறது. வழக்கமாக இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில் தொடங்கும் இப்புண், சிகிச்சை முடிந்த பின்னும் சில வாரங்கள் நீடிக்கும். வலியால் உணவு குறைந்து, உடல் மெலிந்து, சிகிச்சை இடையில் தடைப்பட்டால், நோய் கட்டுப்படும் வாய்ப்பும் குறையும். ஆகவே வலியைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்வது நன்மை தராது.

சிகிச்சைக்கு முன்

பல் மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்ளுதல் அவசியம். பல் பிடுங்க நேர்ந்தால், அந்தக் காயம் ஆறுவதற்காகக் கதிர்வீச்சு தொடங்கக் குறைந்தது 14 நாள்களுக்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும். தலை, கழுத்துப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் தேவைப்படும் பல் பரிசோதனையையும், வாய்த்தொற்றை நீக்கும் சிகிச்சையையும் மெடிகேர் காப்பீடு 2024 முதல் ஏற்கிறது. இதற்குப் பல் மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் கலந்து செயல்படுதல் வேண்டும்.

நாள்தோறும்

• ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி ஆப்பசோடாவும் (பேக்கிங் சோடா, பேக்கிங் பவுடர் அன்று) அரைக்கால் தேக்கரண்டி உப்பும் கரைத்து, நாளுக்குப் பலமுறை கொப்பளிக்கவும். பின்னர் வெறும் நீரால் கொப்பளிக்கவும்.
• மிக மென்மையான தூரிகையால், ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் உறங்கும் முன்னும் பல் துலக்கவும்.
• ஆல்கஹால் கலந்த வாய்கழுவி, மது, புகையிலை, வெற்றிலைபாக்கு ஆகியவற்றை விலக்கவும்.
• பொருந்தாத பல்செட்டை அணிய வேண்டாம்.

உணவு

குழைந்த தயிர்சாதம், கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, மசித்த பருப்பு ஆகியவற்றை ஆறிய பின் உண்ணலாம். ஊறுகாய், மிளகாய், மிளகு ரசம், புளிப்புப் பழங்கள், முறுக்கு போன்ற மொறுமொறுப்பான பண்டங்கள் புண்ணை மேலும் உறுத்தும்.

மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டியவை

100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், வாயில் வெண்படலம், இரத்தக்கசிவு, நீரும் விழுங்க இயலாமை. மூச்சுத்திணறல் ஏற்பட்டால் 911 எண்ணை அழைக்கவும். உண்ணும் முன் வலியைக் குறைக்கும் மருந்துகளை மருத்துவர் பரிந்துரைப்பார். வீட்டு வைத்தியம் எதையும் அவரிடம் கேட்ட பின்னரே தொடங்கவும்.

மொழியுதவி

மத்திய அரசின் நிதியுதவி பெறும் மருத்துவமனைகள், ஆங்கிலம் அறியாதோருக்கு மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்யச் சட்டப்படி கடமைப்பட்டவை. முதியோர் தம் வலியைப் பேரப்பிள்ளைகள் வழியாக விளக்க வேண்டியதில்லை. முன்பதிவு செய்யும்போதே “தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை” எனத் தெரிவித்தால் போதும்.