ஒழுங்கு நடவடிக்கையும் உள்விசாரணையும்

பிழை செய்த ஊழியரைத் தண்டிக்கும் உரிமை நிர்வாகத்திற்கு உண்டு. அதனை மறுப்பார் இல்லை. ஆனால் அவர் பிழை செய்தார் என்பதை எவ்வாறு முடிவு செய்வது? சிலப்பதிகாரம் பயின்ற நமக்கு இக்கேள்வி புதிதன்று. பொற்கொல்லன் சொல்லை நம்பிப் பாண்டியன் ஆணையிட்டான்; கோவலன் மாண்டான். தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்ற உண்மை அதன் பிறகே வெளிப்பட்டது. முன்னரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

எங்கள் வல்லம் பகுதியில் நானே கண்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. என் உறவினர் ஒருவர் அரிசி ஆலை ஒன்றில் பதினோர் ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஒரு நாள் இருப்பில் நான்கு மூட்டை குறைந்தது. “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று முதலாளி வாயால் சொல்லி அனுப்பிவிட்டார். மூன்று வாரம் கழித்து, லாரியில் ஏற்றிய சரக்குக்கான சீட்டு ஒன்று பதிவேட்டில் ஏறாமல் கிடந்தது தெரிந்தது. திரும்ப அழைத்தார்கள். “ஊர் முழுக்கத் திருடன்னு சொல்லியாச்சு, இப்போ வான்னா எப்படிப் போறது?” என்று கேட்டவர், போகவேயில்லை.

அந்த ஆலையில் நடக்காமற் போனது எது? அதன் பெயரே உள்விசாரணை.

அதன் படிகள் எளியவை. முதலாவது, குற்றச்சாட்டுக் குறிப்பாணை. என்ன தவறு, எந்த நாள், எந்த இடம் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். ‘நடத்தை சரியில்லை’ என்று பொதுவாக எழுதுதல் ஆகாது. இரண்டாவது, விளக்கம் தரப் போதிய அவகாசம். மூன்றாவது, குற்றம் சாட்டியவரல்லாத ஒருவர் நடத்தும் விசாரணை. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், தம் சாட்சிகளை அழைக்கவும் ஊழியருக்கு வாய்ப்புத் தர வேண்டும். நான்காவது, விசாரணை அறிக்கையின் நகல். அதனைப் பெறுவது ஊழியரின் உரிமை என்பதை உச்ச நீதிமன்றம் 1993இல் உறுதி செய்தது. இறுதியாக, குற்றத்திற்கு ஏற்ற தண்டனை.

அரசு ஊழியர்க்கு அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு பாதுகாப்பளிக்கிறது. தமிழ்நாட்டு விதிகளில் சிறு தண்டனைக்கு 17(அ), பெருந்தண்டனைக்கு 17(ஆ) என இரு வழிகள் உண்டு. ‘செவன்ட்டீன் பி’ என்றால் அலுவலகங்களில் இன்றும் நடுக்கந்தான்! தனியார் தொழிலகங்களுக்கு 1946ஆம் ஆண்டுச் சட்டம் நிலையாணைகளை வகுத்தது. அதன் இடத்தில் வந்துள்ள 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்பு, 300 பேருக்குக் குறையாத தொழிலகங்களுக்கே நிலையாணைகளைக் கட்டாயமாக்குகிறது. அங்கே விசாரணைக்காகத் தற்காலிகமாக நீக்கப்பட்டவருக்கு முதல் 90 நாட்களுக்குப் பாதி ஊதியம் பிழைப்பூதியமாக உண்டு. சிற்றூர் ஆலைகளுக்கு எழுதிய நிலையாணை இல்லை. ஆகவேதான் அங்கே முதலாளியின் நியாய உணர்ச்சி மேலும் தேவைப்படுகிறது.

விசாரணையின்றி நீக்கச் சட்டமே சில வேளை வழி விடுவதும் உண்டு. 2003 ஜூலை 2இல் தொடங்கிய அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தின்போது, அவசரச் சட்டத்தின் வழி ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை என்று ஆகஸ்டு 6இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதித் தந்த பெரும்பாலோர் மீண்டும் சேர்க்கப்பட்டனர். விரைவாக எடுத்த முடிவைத் திருத்த, இருதரப்பும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

விசாரணை என்பது தவறு செய்தவருக்குக் காட்டும் சலுகை என்று சிலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது நிர்வாகத்திற்கும் காப்பு. முறையாக விசாரித்துத் தந்த தண்டனை மேல்முறையீட்டில் நிற்கும். கோபத்தில் தந்த தண்டனை நிற்காது. உண்மைக் குற்றவாளியும் அந்த ஓட்டை வழியே தப்பிவிடுவான்.

மாணவ நண்பர்களே! நாளை நம்மில் சிலர் குறிப்பாணை வழங்கும் நாற்காலியில் அமர்வோம். சிலர் அதனைக் கையெழுத்திட்டு வாங்குவோம். எந்தப் பக்கம் இருப்பினும், தீர்ப்புக்கு முன் ஒரு கேள்வி கேட்கும் பழக்கத்தை இக்கல்லூரியிலேயே கற்றுக்கொள்வோம். அந்த ஆலையில் “இந்த நான்கு மூட்டை எங்கே போயிற்று?” என்று என் உறவினரிடம் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சீட்டைத் தேடச் சொல்லியிருப்பார்.