பன்னிரண்டரை சென்டிமீட்டர் பாட்டி

கோலகுபு பாருவிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் கெர்லிங் என்ற சிற்றூர் இருக்கிறது. அதைச் சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள். இன்று பெரும்பாலும் செம்பனை. இடையிடையே வீடமைப்புப் பகுதிகள். இவ்வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பால்மரம் வெட்டிய ஒருவராவது இருந்திருப்பார். தாத்தாவாக, பாட்டியாக, அல்லது படமாகச் சுவரில் மாட்டப்பட்டவராக.

விளையாட்டுப் பொருள் கடைக்குள் நுழைந்தால் அங்கே வேறு மனிதர்கள் நிற்கிறார்கள். முகமூடி அணிந்தவர், இரும்புக் கவசம் பூண்டவர், பறப்பவர், வாளேந்தியவர். இவற்றை ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்பர். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகிய மூட்டுகள் அசையும் வீரப் பொம்மைகள் இவை. அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் 1964ஆம் ஆண்டில் ஜி.ஐ. ஜோ என்ற படைவீரர் பொம்மையை விற்பனைக்குக் கொண்டு வந்தபோதுதான் இந்தப் பெயர் பிறந்தது. ‘பொம்மை’ என்று சொன்னால் பையன்கள் வாங்கமாட்டார்கள் என்று அஞ்சிய வணிகர்கள் புதுப்பெயர் சூட்டினார்கள். பொருள் என்னவோ பொம்மைதான். 1978இல் கென்னர் நிறுவனம் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படப் பாத்திரங்களை உள்ளங்கையில் அடங்கும் அளவில் செய்து விற்றது. அதன் பிறகு உலகம் முழுவதும் இவற்றைச் சேகரிப்போர் பெருகினர். கடையில் கிடைக்காத பாத்திரத்தைத் தாமே உருவாக்கும் பழக்கமும் அவர்களிடம் வளர்ந்தது. ஒரு பொம்மையின் தலை, இன்னொன்றின் உடல், கையால் பிசைந்து ஒட்டிய தலைமுடி, புதிய வண்ணம் என்று தொடங்கும் இந்தக் கைவேலை இன்று பல வீடுகளில் குடும்பமாகச் செய்யும் பொழுதுபோக்கு.

தமிழருக்கு இது முற்றிலும் புதிதன்று. சங்ககால மகளிர் மணலில் பாவை செய்து விளையாடினர். அதற்கு வண்டற்பாவை என்று பெயர். செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சிப் பொம்மைகளைத் தாய் மகளுக்குக் கொடுப்பது வழக்கம். கடையில் வாங்கியபடியே அவற்றைக் கொலுவில் வைப்பதில்லை. பாட்டி பட்டுத்துணியை வெட்டுவார், அம்மா தைப்பார், பேத்தி மணி கோப்பாள். ஒவ்வொரு வீட்டு மரப்பாச்சிக்கும் ஒவ்வொரு கோலம். மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியிலோ பொம்மை செய்வதே குடும்பத் தொழில். களிமண் பிசைவது ஒருவர், அச்சில் அழுத்துவது ஒருவர், வண்ணம் தீட்டுவது மற்றொருவர் என்று வீடு முழுவதும் வேலையில் இருக்கும். கொலுவுக்குத் தெய்வங்களோடு திருமணக் கூட்டம், காய்கறிச் சந்தை, கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் என்று அன்றாட வாழ்க்கையையும் அவர்கள் பொம்மையாக்குகிறார்கள். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையில் காகிதக் கூழோடு மரவள்ளி மாவும் சேரும். சப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்களுக்கு அதைப் பொம்மைக்குள் போடுவது வீணாகத் தோன்றியிருக்கலாம்!

மலேசியாவிலேயே இன்னொரு சான்று உண்டு. பாத்திர வடிவமைப்பாளர் தின்தோய் சுவோ, கிளந்தான் பாவைக்கூத்துக் கலைஞர் முகமட் டாயின் ஒத்மானோடு சேர்ந்து ‘ஸ்டார் வார்ஸ்’ பாத்திரங்களை வாயாங் கூலிட் தோற்பாவைகளாக மாற்றினார். 2013இல் அவை மேடையேறின. டார்த் வேடர் அங்கே சங்கலா வேடே ஆனார். லூக் ஸ்கைவாக்கர் பெரந்தாவ் லாங்கிட் ஆனார். இராமாயணக் கதையை ஆடி வந்த திரையில் விண்வெளி வீரர்கள் புகுந்தது சிலருக்கு வியப்பாக இருந்திருக்கும். ஆயினும், தோலில் துளையிட்டுச் செதுக்கும் முறையும் பாவையின் பக்கவாட்டு முகமும் கிளந்தான் மரபைச் சேர்ந்தவை. வெளியிலிருந்து வந்த பாத்திரம் உள்ளூர்க் கலைக்கு வளைந்து கொடுத்தது.

அப்படியானால் கெர்லிங்கில் ஒரு குடும்பம் தனக்கென ஒரு வீரப் பொம்மை செய்ய முனைந்தால் யாரைச் செய்யலாம்? பால் வெட்டிய பாட்டியையே செய்யலாம். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடிக்கும் பாம்புக்கும் நடுவில் நாள்தோறும் நானூறு, ஐந்நூறு மரங்களைத் தொட்டு வந்தவரைவிட யார் வீரர்?

முதலில் அளவு. பொம்மைக் கலைஞர்கள் பரவலாகப் பயன்படுத்தும் அளவுகளுள் ஒன்று பன்னிரண்டில் ஒரு பங்கு. நூற்றைம்பது சென்டிமீட்டர் உயரமுள்ள பாட்டி இந்த அளவில் பன்னிரண்டரை சென்டிமீட்டர் இருப்பார். ரப்பர் மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டரை எட்டினால்தான் வெட்டத் தொடங்குவார்கள். பொம்மைக்கான மரம், எனவே, ஒரு சுண்டுவிரல் தடிமன் இருந்தால் போதும். பால் வடியும் மங்கு ஒரு பட்டாணி அளவுக்குச் சுருங்கிவிடும். இந்தக் கணக்கைக் குடும்பத்தில் இளையவரிடம் ஒப்படைக்கலாம். பன்னிரண்டால் வகுக்கத் தெரிந்தால் போதும்.

கணக்கைவிடக் கடினமானது பாட்டியிடம் கேட்டறிவது. சிலை செய்பவருக்குப் பொதுவான விடை உதவாது. கைலியா, சேலையா? முழுக்கைச் சட்டை யாருடையது? தலைத்துணியின் முடிச்சு பின்னாலா, முன்னாலா? கொசுவர்த்தியை இடுப்பில் எங்கே தொங்கவிடுவார்? காண்டாக் கம்பு வலத்தோளிலா, இடத்தோளிலா? ஒட்டுப்பாலைப் போடும் கூடை எந்தப் பக்கம்? “கத்திய அப்படிப் புடிக்க மாட்டாங்கய்யா” என்று பாட்டி தாமே எழுந்து வந்து, ஒரு கரண்டியைக் கையில் பிடித்துக் காட்டும்போதுதான் மணிக்கட்டின் வளைவு புரியும். நூலகப் புத்தகத்தில் அந்த வளைவு இல்லை. கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகள் இவை. தோட்டம் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்ட பின், சான்றாக நிற்பவை மனித உடலும் நினைவும்தாம்.

மரத்திலுள்ள வெட்டுக் கோட்டையும் கவனிக்க வேண்டும். பார்ப்பவருக்கு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்து அது சரியும். இதற்குக் காரணம் உண்டு. பட்டைக்குள் உள்ள பால்குழாய்கள் நேர் செங்குத்தாக நிற்காமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அவற்றுள் அதிகமானவற்றை அறுக்கும். பாலும் அதிகம் வடியும். பொம்மையின் மரத்தில் கோட்டைத் தவறாகச் சாய்த்துவிட்டால், பாலறுத்த கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். விடியுமுன் வெட்டுவதற்கும் காரணம் இதே குழாய்களில் இருக்கிறது. இரவில் மரம் நீரை இழப்பது குறைவு என்பதால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறையும், ஒழுக்கும் குறையும்.

வேலை இரண்டு வழிகளில் நடக்கலாம். முதல் வழி, பழைய வீரப் பொம்மை ஒன்றை எலும்புக்கூடாக எடுத்துக்கொள்வது. சூடான நீரில் சிறிது நேரம் வைத்தால் பிளாஸ்டிக் இளகும். தலையையும் கைகளையும் கழற்றி மாற்றலாம். சுடுநீரைப் பெரியவர்களே கையாள வேண்டும். வீரனின் உப்பிய மார்பையும் தோள்களையும் உப்புத்தாளால் தேய்த்துக் குறைக்க வேண்டியிருக்கும். தேய்க்கும்போது முகக்கவரி அணிவது கட்டாயம். பிறகு எப்பாக்சிப் பசை மாவு. இரண்டு நிறக் கட்டிகளைச் சம அளவில் எடுத்துப் பிசைந்தால் சில மணி நேரத்தில் கல்லாக இறுகும் பொருள் அது. இறுகுவதற்குள் சட்டையின் மடிப்பு, தலைத்துணி, முகச் சுருக்கம் ஆகியவற்றைப் பல்குத்தும் குச்சியாலேயே செதுக்கிவிடலாம். மூட்டுகளில் மாவு படக்கூடாது; பட்டால் பாட்டி குனியமாட்டார். குனியாத பாட்டியால் தாழ்ந்த வெட்டுக்குக் கத்தி வைக்க முடியாது. உழைப்பவரைப் பொம்மையாக்க மண்பொம்மையைவிட மூட்டுள்ள பொம்மை பொருத்தமாவது இதனால்தான்.

இரண்டாம் வழி, ஒரே உருவத்தைப் பல பிரதிகள் எடுப்பது. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் அத்தை, சித்தப்பா வீடுகளுக்கும் ஒவ்வொன்று வேண்டுமே. இங்கேதான் கெர்லிங்கின் பழைய செல்வம் உதவிக்கு வருகிறது. அச்சு வார்க்கச் சிறந்த பொருள்களுள் ஒன்று ரப்பர்ப் பால். மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர்; மிச்சம் பெரும்பாலும் நீர். ஆலையில் அதைச் சுழற்றி அறுபது விழுக்காட்டுக்குக் கெட்டியாக்கி, உறையாமலிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். தோட்டத்தில் பாலை உறைய வைக்க எறும்புக் காடி ஊற்றினார்கள். இங்கே அதற்கு நேர்மாறான வேலை. கைவினைக் கடைகளில் புட்டியில் கிடைப்பது இந்தக் கெட்டிப் பால்தான். மூக்கைத் துளைக்கும் அதன் நெடி அம்மோனியாவினுடையது. எனவே சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர் இதைத் தொடக்கூடாது.

அசையாத ஒரு நிலையில் செய்து முடித்த உருவத்தின்மேல் பாலைத் தூரிகையால் மெல்லப் பூச வேண்டும். தூரிகையை முன்னதாகச் சவர்க்கார நீரில் நனைத்துக்கொண்டால் மயிர்கள் ஒட்டிக்கொள்ளா. முதல் பூச்சில் குமிழி தங்கினால் ஒவ்வொரு பிரதியின் முகத்திலும் மரு முளைக்கும். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. எட்டு, பத்துப் பூச்சுகள் தேவைப்படும். ஈரமான நம் காற்றில் அது ஓரிரு நாள்களை விழுங்கும். அவசரப்படுபவருக்கு இது ஏற்ற வேலையன்று. தடிமனானதும் வெளியே சுண்ணச் சாந்தால் இரண்டு பாதி ஓடுகள் செய்துகொண்டு, முகமாவு தூவி, காலுறையைக் கழற்றுவதுபோல் ரப்பரை உரித்தெடுக்க வேண்டும். அச்சு தயார். செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்கு அருகில் அதை வைக்கக்கூடாது. அவ்வுலோகங்கள் ரப்பரை அரித்துவிடும். எண்ணெயும் வெயிலும் அதற்குப் பகை.

அச்சுக்குள் ஊற்றுவது பாரிஸ் சாந்து. தண்ணீரில் சாந்துத் தூளைத் தூவிக் கரைக்க வேண்டும். தூளில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். இறுகும்போது இது வெப்பத்தை வெளியிடும். 2007இல் இங்கிலாந்துப் பள்ளி ஒன்றில், தம் கைகளையே வார்ப்பெடுக்க விரும்பிய பதினாறு வயது மாணவி சாந்து நிறைந்த வாளிக்குள் கைகளை வைத்திருந்தார். இறுகிய சாந்து கைகளைப் பிடித்துக்கொண்டது. வெப்பத்தால் தசை வெந்து, பெரும்பாலான விரல்களை இழக்க நேர்ந்தது. கரண்டியால் கலக்குங்கள், கையை உள்ளே விடவே கூடாது.

வண்ணம் தீட்டும் வேலையில் எல்லாருக்கும் இடமுண்டு. அக்கிரிலிக் வண்ணத்தை நீர் கலந்து மெல்லிதாக, பலமுறை பூசுவது நலம். ரப்பர்ப் பால் துணியில் பட்டுக் காய்ந்தால் கறுத்துக் கறையாகும். ஆகவே பாட்டியின் சட்டையில் வெள்ளைப் புள்ளிகள் வைக்காமல், பழுப்பும் கறுப்புமாகத் திட்டுகள் வைக்க வேண்டும். கண்களைக் கடைசியில் வரைவார்கள். சிற்பிகள் இதைக் கண் திறத்தல் என்பர். நடுங்காத கை உள்ளவருக்கே அந்த வேலை. அவர் வீட்டில் மூத்தவராக இருக்க வேண்டியதில்லை.

சுண்ணப் பிரதிகள் வண்ணம் பூசாமலே உறவினர் வீடுகளுக்குப் போகலாம். அடிப்பாகத்தில் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வேலை பார்த்த ஆண்டுகளையும் பென்சிலால் எழுதி அனுப்பினால் நல்லது. அத்தை வீட்டில் சட்டை நீலம் என்பார்கள். சித்தப்பா, பச்சைக் கட்டம் போட்டது என்று அடித்துச் சொல்வார். அடுத்த தீபாவளிக்கு எல்லாரும் கூடும்போது கூடத்து மேசையில் நாலைந்து பாட்டிகள் வரிசையாக நிற்பார்கள், ஒருவர் சட்டைபோல் மற்றவர் சட்டை இருக்காது.