விழாத சீட்டின் கணக்கு

"தினமும் ஒரு சீட்டு எடுத்தா, என்னைக்காவது ஒரு நாள் விழாமலா போயிடும்?"

2003 ஜனவரியில் தமிழ்நாடு லாட்டரியைத் தடைசெய்தது. அதன் பிறகும் வாளையாறு, கோபாலபுரம், ஆரியங்காவு என்று கேரள எல்லை தாண்டிப் போய்ச் சீட்டு எடுக்கிற நம்மவர்கள் பலரை நடத்திக்கொண்டு போவது இந்த ஒரு நம்பிக்கைதான். கேரளத்தின் வாராந்தரச் சீட்டை முழுமையாக அச்சிட்டால் 12 வரிசைகள், வரிசைக்கு 9 லட்சம், மொத்தம் 1.08 கோடி சீட்டுகள். முதல் பரிசு ஒன்றே ஒன்று. தினம் ஒன்றாக 1.08 கோடி சீட்டு எடுத்து முடிக்க 29,500 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அத்தனை ஆண்டு எடுத்தாலும் முதல் பரிசு ஒரு முறைகூட விழாமல் போக மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு குலுக்கலும் புதிது. நேற்றுவரை விழாதது இன்றைய வாய்ப்பைத் துளியும் கூட்டாது. "ஒரே நம்பர்ல போச்சே" என்று மனம் அடித்துக்கொள்வதிலும் பொருள் இல்லை. கடைசி இலக்கம் மட்டும் மாறிய சீட்டும் எல்லா இலக்கமும் மாறிய சீட்டும் முதல் பரிசுக்கு ஒரே தூரத்தில்தான் இருக்கின்றன.

ராசியான கடை என்பதும் இப்படித்தான். நிறைய விற்கிற கடையில் நிறைய விழும். விழுந்த செய்தி பரவினால் கூட்டம் இன்னும் கூடும்.

"எல்லாம் செட்டப். ஏமாத்து வேலை."

இதுவும் தவறு. கேரள லாட்டரித் துறை 1967இல் தொடங்கியது. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடந்தது. ஒரு ரூபாய்ச் சீட்டுக்கு முதல் பரிசு 50,000 ரூபாய். இன்றும் திருவனந்தபுரத்தில் பிற்பகல் 3 மணிக்கு, நடுவர்கள் முன்னிலையில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி குலுக்குகிறார்கள். 2023 திருவோணம் பம்பரின் முதல் பரிசான 25 கோடி, சேர்ந்து சீட்டு எடுத்த திருப்பூர்க்காரர்கள் நால்வருக்குத்தான் விழுந்தது. குலுக்கல் நேர்மையானது. ஆனால் நேர்மையான குலுக்கல் வாங்குகிறவருக்கு லாபமானது என்று ஆகிவிடாது. அந்த 25 கோடியில் முகவர் பங்கு 10 விழுக்காடு. மிச்சத்தில் 30 விழுக்காடு வருமான வரி. 15.75 கோடிதான் நிற்கும். மேல்வரியில் இன்னும் சில கோடி போகும். சீட்டின் மீதான ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பரில் 28இலிருந்து 40 விழுக்காடாக ஏறிவிட்டது.

ஏமாற்று வேலை வேறு இடத்தில் நடக்கிறது. கேரள அரசு ஆன்லைனில் சீட்டு விற்பதில்லை. வாட்ஸ்அப்பில் சீட்டு விற்கிறவரும், "பரிசு விழுந்திருக்கு, முதல்ல வரி கட்டுங்க" என்கிறவரும் மோசடிக்காரர்கள். நம் ஊர்களில் ஒளிந்து நடக்கும் மூணு நம்பர் இன்னும் கொடியது. கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று இலக்கத்தின் மேல் கட்டும் சூதாட்டம் அது. அரசின் சீட்டு இல்லை. தராவிட்டால் போய்க் கேட்க இடமும் இல்லை. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பம், மூன்று பெண் குழந்தைகளோடு, இதில் சேர்ந்த கடனுக்கு மொத்தமாக அழிந்தது.

"கணக்குத் தெரியாத முட்டாள்கள்தான் வாங்குவார்கள்."

என்னை மிகவும் கோபப்படுத்துவது படித்தவர்களின் இந்த நம்பிக்கைதான். தினக்கூலிக்குப் போகிற ஒரு கொத்தனாரை எண்ணிப் பாருங்கள். மகள் கல்யாணம், வட்டிக்கடன், அம்மாவின் ஆபரேஷன் எல்லாமே மொத்தமாகப் பணம் கேட்கின்றன. கூலியோ சில்லறையாக வந்து சில்லறையாகவே கரைகிறது. ஐந்து லட்சம் தன் உழைப்பில் ஒருபோதும் ஒன்றாகச் சேராது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கு சரியானது. பெரிய தொகையை நினைத்துப் பார்க்கவாவது விடுகிற ஒரே வழியாக அவருக்குச் சீட்டு தெரிகிறது. அவரை முட்டாள் என்பது அநியாயம்.

ஆனாலும் அவர் இழப்பது பெரிது. தினம் 50 ரூபாய் என்றால் மாதம் 1,500. அஞ்சலகத் தொடர் வைப்பில் 6.7 விழுக்காடு வட்டியில் ஐந்து ஆண்டு போட்டால் சுமார் 1.07 லட்சம் கையில் வரும். வீடு கட்ட முடியாதுதான். மருத்துவமனை முன்பணத்துக்கு வட்டிக்காரரிடம் கை நீட்டாமல் இருக்கலாம். சீட்டு டீக்கடைக்கே தேடி வருகிறது. அஞ்சலகத்துக்கோ பெரும்பாலும் நாம்தான் போக வேண்டும், அதுவும் வேலை நேரத்தில், அரை நாள் கூலியை விட்டுவிட்டு. வாசலுக்கு வந்து தினமும் 50 ரூபாய் வாங்கிப் பத்திரமாகச் சேர்த்துவைக்க அரசு ஆள் அனுப்பினால் பல சீட்டுகள் விற்காமல் போகும் என்று நம்புகிறேன்.

"என் காசு, என் இஷ்டம்."

பாதி சரி. ஓணத்துக்கு 500 ரூபாய் பம்பரை நாலு நண்பர்கள் பங்கு போட்டு எடுத்து, குலுக்கல்வரை கனவு கண்டு சிரித்தால் அது சினிமாவுக்குப் போவது போன்ற செலவு. போன காசு போனதுதான் என்று தெரிந்தே செய்கிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கடன் வாங்கி எடுத்தாலும், வீட்டுக்குத் தெரியாமல் எடுத்தாலும் அது தன் காசு இல்லை. விட்டதைப் பிடிக்க எடுக்கிற சீட்டை இஷ்டம் என்று சொல்லவே முடியாது. அந்த நிலைக்கு வந்தவர் கடைக்குப் போவதற்கு முன் மனைவியிடமோ அண்ணனிடமோ மனநல மருத்துவரிடமோ வாய்விட்டுப் பேச வேண்டும்.