பிரஷர் பார்க்கும்போது தூக்கத்தையும் கேட்போம்

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கியது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் ஜவளகிரிப் பக்கத்து வீடுகளுக்கு பிரஷர், சுகர் பார்க்கப் போகிறேன். மாத்திரையைக் கொடுத்து நோட்டில் எழுதிய கையோடு, "ராத்திரி தூக்கம் வருதா?" என்றும் கேட்பேன். அந்தக் கேள்வியில்தான் ஆட்கள் வாய் திறக்கிறார்கள்.

இங்கே தூக்கம் கெடக் காரணம் தேட வேண்டியதில்லை. ராகி முற்றும் நாளில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி வழியாக வரும். அப்பா விடிய விடியப் பரண்மேல் காவல். மகன் ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட். இரண்டு பேரும் வீட்டில் இல்லாத ராத்திரி அம்மாவுக்கு எப்படிக் கண் மூடும்?

மாத்திரையை விடாமல் சாப்பிட்டும் ஒரு அண்ணனுக்கு பிரஷர் இறங்கவே இல்லை. "காவல் முடிஞ்சும் பட்டாசுச் சத்தம் காதுலயே இருக்கும்மா. சும்மா உக்காந்தாலும் நெஞ்சு அடிச்சிக்குது" என்றார். நெஞ்சு படபடப்பை மனசுக் கோளாறு என்று நாமாகத் தள்ளக் கூடாது. முதலில் ஈசிஜி எடுக்கச் சொன்னேன். அதில் கோளாறில்லை என்றானதும், தூக்கம், கடன், ராத்திரிக் குவார்ட்டர் எல்லாவற்றையும் ஈசிஜி பார்த்த டாக்டரிடமே மறைக்காமல் சொல்லச் சொன்னேன். பக்கத்து நிலத்துக்காரர்களோடு முறை வைத்துக் காவல் போக ஆரம்பித்தார். பாதி மருந்து அதுதான் என்பது என் எண்ணம்.

நேரில் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் வந்த டெலிமானஸ் மனநல உதவி எண் அது. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம். தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசலாம் என்பது எங்கள் எல்லை ஊர்களுக்குப் பெரிய வசதி. பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் நிம்ஹான்ஸ் பெங்களூரில் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. கம்பெனிப் பிள்ளைகளுக்கு ஒன்று: உடம்புக்குத் தருவது போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்று 2017-ம் வருடச் சட்டம் சொல்கிறது. பாலிசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

"இருந்து என்ன ஆகப்போகுது" என்று யாராவது சொன்னால், அதைப் புலம்பல் என்று விடாதீர்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்றைக்கே பூச்சிமருந்து டப்பாக்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து 14416-க்கோ 104 மருத்துவ உதவி எண்ணுக்கோ போன் போடுங்கள்.