காணாமல் போகும் லாக் வரிகள்

கேள்வி: சர்வர் லாக்கை சிஸ்லாக் மூலம் யூடிபியில் இன்னொரு கணினிக்கு அனுப்புகிறோம். சில வரிகள் வந்து சேர்வதே இல்லையே, ஏன்?

பதில்: யூடிபியின் சுபாவமே அதுதான். சாதாரணத் தபால் மாதிரி, சேர்ந்ததற்கு ரசீது கிடையாது. 514-ஆம் போர்ட்டுக்கு அனுப்பிவிட்டு சர்வர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். மறுமுனை அணைந்திருந்தாலும் இங்கே எதுவும் தடைபடாது. அதுதான் இதன் வசதி. ஆனால் பிழைச் செய்திகள் சரமாரியாகக் கிளம்பும்போது, பெறும் பக்கத்து பஃபர் நிரம்பி வரிகள் உதிர்ந்துவிடும். லாக் மிகவும் தேவைப்படுவதும் அப்போதுதான்!

சிஸ்லாக்கை அனுப்பும் நிரல் ஆர்சிஸ்லாக் என்றால், அதன் கான்ஃபிக் கோப்பைத் திறந்து பாருங்கள். முகவரிக்கு முன்னால் ஒரு @ இருந்தால் யூடிபி. @@ என்றால் டிசிபி. முக்கியமான லாக்குகளை டிசிபிக்கு மாற்றுங்கள், பெறும் பக்கத்திலும் அதை இயக்குங்கள். இணைப்பு அறுந்தால் செய்திகள் காத்திருக்க, டிஸ்க் க்யூவும் வைத்துவிடுங்கள்.