கட்டணமில்லா மருத்துவமும் எட்டாத வாசலும்

உகாண்டா அரசு 2001-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பெரிய மருத்துவமனைகளின் தனிப்பிரிவுகள் நீங்கலாக, தன் மருத்துவ நிலையங்களில் நோயாளிகளிடம் கட்டணம் பெறுவதைக் கைவிட்டது. அதன் பின் ஏழை மக்கள் அந்நிலையங்களை நாடுவது வெகுவாகக் கூடியது. ஆயினும் கண்பார்வையற்றோர், காது கேளாதோர், நடக்க இயலாதோர், அறிவுத்திறன் குறைபாடுடையோர் ஆகியோருக்கு அந்த வாசல் இன்றும் முழுமையாகத் திறந்துவிடவில்லை. விலையில்லாமல் கிடைக்கும் சிகிச்சை இவர்களுக்கு மட்டும் ஏன் எட்டுவதில்லை என்பதை அந்நாட்டின் ஒரு கிராமப்புற மாவட்டத்தைக் கொண்டு ஆராய்வோம்.

அம்மாவட்டத்தின் பெயர் லூக்கா. விவிலியம் படித்தவர்களுக்கு வேறொரு நினைவு வரக்கூடும். அதனோடு இதற்குத் தொடர்பில்லை. கிழக்கு உகாண்டாவின் புசோகா நாட்டில் இருந்த பழைய குறுநிலங்களுள் ஒன்றின் பெயர் இது. 2010-இல் இகாங்கா மாவட்டத்திலிருந்து பிரிந்தது. 2014-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 2,38,000 மக்கள். சோளமும் வற்றாளைக் கிழங்கும் கரும்பும் விளையும் ஊர்கள், பெரும்பாலும் மண்சாலைகள். சிற்றூர் அளவில் சம்பளமற்ற கிராம நலக் குழுவினர் பணியாற்றுகின்றனர். அவர்களுக்கு மேலே இரண்டாம், மூன்றாம், நான்காம் நிலை நலவாழ்வு நிலையங்கள் உள்ளன. இரண்டாம் நிலையில் புறநோயாளிச் சிகிச்சையும், மூன்றாம் நிலையில் மகப்பேறும் ஆய்வகமும், நான்காம் நிலையில் மருத்துவரும் அறுவை அரங்கும் இருத்தல் வேண்டும் என்பது அரசின் திட்டம். அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்கு இகாங்காவுக்கோ ஜின்ஜாவுக்கோ செல்ல வேண்டும்.

முதல் தடை சாலையில் தொடங்குகிறது. அங்கே பொதுப்போக்குவரத்து என்பது பெரும்பாலும் 'போடா போடா' எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிள்தான். முதுகுத்தண்டு பாதித்த ஒருவர் அதன் பின்னிருக்கையில் தனியே அமர இயலாது. பின்னால் ஒருவர் உட்கார்ந்து தாங்கிக்கொள்ள வேண்டும். பார்வையற்றவருக்கும் வழித்துணை வேண்டும். ஆகவே ஒருவரின் நோய்க்கு இருவரின் பயணச் செலவு ஆகிறது. துணைவருபவரின் ஒரு நாள் வயல் வேலையும் போகிறது. சக்கர நாற்காலி இருந்தால் அதை ஏற்ற இடமில்லை; விட்டுச் சென்றால் இறங்கிய இடத்தில் தூக்கிச் செல்ல ஆள் வேண்டும். போய்ச் சேர்ந்த பின் மருந்து இருப்பில் இல்லையெனில், வெளியே கடையில் பணம் கொடுத்து வாங்க நேரும். 'கட்டணமில்லை' என்னும் சொல் நிலையத்தின் மதிலுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் சொல் என்பது இங்கே விளங்கும். இவ்வளவு செலவையும் எண்ணிப் பார்க்கும் குடும்பம், காய்ச்சல் தானே தணியட்டும் என்று இரண்டு நாள் காத்திருக்கிறது. மலேரியா மிகுந்த நாட்டில் அந்த இரண்டு நாள் சிறிய காலமன்று.

இரண்டாம் தடை கட்டடம். சாய்தளம் கட்டுவது எளிது. அதைப் படம்பிடித்து அறிக்கையில் சேர்ப்பது அதனினும் எளிது. ஆனால் சாய்தளத்தில் ஏறி உள்ளே வந்தவர் பரிசோதனைக் கட்டிலில் ஏற முடிகிறதா என்பதே அடுத்த வினா. உயரத்தை மாற்ற இயலாத கட்டிலில் நிறைமாதக் கர்ப்பிணியான ஒரு மாற்றுத்திறனாளிப் பெண் எவ்வாறு ஏறுவார்? அதைவிடக் கொடியது கழிப்பறை. கிராமப்புற நிலையங்களில் பெரும்பாலும் குழிக் கழிப்பறைகளே உள்ளன. கால்கள் செயலிழந்தவர் அந்த ஈரத் தரையில் கைகளை ஊன்றித் தவழ்ந்து செல்ல வேண்டியிருக்கும். அதற்கு அஞ்சிக் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவோர் உண்டு. ஏற்கெனவே சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகக்கூடிய உடலுக்கு இது மேலும் கேடு. இருபுறமும் கைப்பிடியும், அமர்வதற்கு ஒரு மர இருக்கையும், அகலமான கதவும் அமைக்கப் பெருஞ்செலவு ஆகாது. ஆயினும் திட்டமிடும் மேசையில் இவை கடைசியாகவே நினைவுக்கு வருகின்றன.

காது கேளாதவர்க்கு வரும் துன்பம் வேறு வகையானது. வரிசையில் பெயர் சொல்லி அழைக்கும்போது அவருக்குக் கேட்பதில்லை, முறை தவறிப்போகிறது. உள்ளே சென்றாலும் சைகை மொழி அறிந்த செவிலியர் அரிது. ஆகவே தாயோ மைத்துனரோ மகளோ மொழிபெயர்ப்பாளராக நிற்கிறார். எச்.ஐ.வி. பரிசோதனை, கருத்தடை, இல்லத்தில் நேரும் வன்முறை ஆகியவற்றைப் பற்றி உறவினர் முன்னிலையில் ஒரு பெண் எதைச் சொல்வார், எதை மறைப்பார் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். மாற்றுத்திறனாளிப் பெண் கருவுற்று வந்தால், "உனக்கு எதற்குக் குழந்தை?" என்னும் கேள்வியை மருத்துவப் பணியாளரிடமிருந்தே கேட்க நேர்வதும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பதிவாகியுள்ளது. இத்தகைய ஒரு சொல்லைக் கேட்டவர் அடுத்த பேறுகாலத்திற்கு நிலையத்தை நாடாமல் இருந்தால் அதில் வியப்பில்லை.

மருத்துவ அறிவு தொடர்பான ஒரு பிழையையும் இங்கே விளக்க வேண்டும். நோயாளியின் குறைபாடு கண்ணில் பட்டவுடன், அவர் சொல்லும் எல்லாத் தொல்லைகளையும் அதனோடே சேர்த்துவிடுவது அது. கால் செயலிழந்தவர் வயிற்றுவலி என்கிறார். பரிசோதிப்பவர் காலையே பார்க்கிறார். பேச்சு வராத குழந்தை ஓயாமல் அழுகிறது. 'இக்குழந்தை இப்படித்தான்' என்று முடிவு கட்டப்படுகிறது, காதுக்குள் இருந்த சீழ் காணப்படுவதில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் சுமார் 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாட்டுடன் வாழ்வதாகவும், அவர்களுள் சிலர் மற்றவரைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாகவே இறப்பதாகவும் கூறுகிறது. அந்த இழப்புக்குக் குறைபாடு மட்டும் காரணமன்று. தடுக்கக்கூடிய காரணங்கள் பலவும் அதனுள் அடங்கியுள்ளன.

சட்டத்தில் உகாண்டா பின்தங்கிய நாடன்று. அதன் 1995-ஆம் ஆண்டு அரசியலமைப்பு சைகை மொழியின் வளர்ச்சியைக் குறிப்பிடுகிறது. 1997-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் ஊராட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் ஒதுக்கியது. ஐ.நா. உடன்படிக்கையை 2008-இல் ஏற்றது. 2020-இல் புதிய மாற்றுத்திறனாளிகள் சட்டமும் வந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து குழிக் கழிப்பறை வரையுள்ள தொலைவு மட்டும் குறையவில்லை.

அத்தொலைவைக் குறைக்க லூக்காவில் ஒரு முயற்சி நடந்தது. அதன் வேர் வேறிடத்தில் உள்ளது. பொலிவியாவில் தோன்றி, நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் சோதிக்கப்பட்ட பெண்கள் குழு முறை அது. மாதந்தோறும் பெண்கள் கூடித் தங்கள் சிக்கல்களைத் தாங்களே அடையாளம் கண்டு, தீர்வை வகுத்து, செய்து பார்த்து, பின் அளந்து பார்த்தனர். 2004-இல் வெளியான முடிவின்படி, குழுக்கள் இருந்த பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு சுமார் 30 விழுக்காடு குறைவாக இருந்தது. ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளிலும் இதற்கு ஒத்த பயன் கிட்டியதாக 2010-இல் அறிவிக்கப்பட்டது. இலண்டனின் நலவியல், வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளரும் உகாண்டா ஆய்வாளரும் இம்முறையை மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் ஏற்ப அமைத்து லூக்காவில் நடத்தினர். இம்முறையில் வெளியிலிருந்து மருத்துவர் வந்து பாடம் நடத்துவதில்லை. போக்குவரத்துச் செலவுக்குச் சேமிப்பு தொடங்குவதா, நிலையப் பொறுப்பாளரை அழைத்துப் பேசுவதா என்பதைக் குழுவே தீர்மானிக்கிறது. இம்முறையின் வலிமை இதுவே என்பது எங்கள் கருத்து. வரிசையில் பெயர் கேட்காத துன்பத்தை, அதைப் பட்டவரைவிட வேறு யார் முன்கூட்டி அறிவார்?

ஆனால் இங்கே ஓர் எல்லையும் உண்டு. அலமாரியில் மருந்து இல்லையெனில் எந்தக் குழுவும் அதைக் கொண்டுவர இயலாது. சக்கர நாற்காலி, கேட்புக் கருவி போன்ற துணைக்கருவிகள், தேவைப்படுவோரில் வெறும் 3 விழுக்காட்டினருக்கே கிடைக்கும் நாடுகளும் உள்ளன என்கிறது 2022-இல் வெளிவந்த மற்றோர் உலக அறிக்கை. அது அரசின் கடமை. சேமிப்புக் குழுவின் தலையில் அதைச் சுமத்தலாகாது.

நம் வாசகர்கள் பயன்படுத்தக்கூடிய ஒரு கருவியும் இவ்வாய்வுகளிடையே உள்ளது. "உங்களுக்கு ஊனம் உண்டா?" என்று கேட்டால் பலர் இல்லை என்பர். அதனால் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவும் கவனமும், தற்பராமரிப்பு, பிறருடன் கருத்துப் பரிமாறுதல் ஆகிய ஆறிலும் எவ்வளவு இடர்ப்பாடு உள்ளது என்று வினவும் முறை பல நாடுகளின் கணக்கெடுப்புகளில் வழங்குகிறது. இடர்ப்பாடு இல்லை, சிறிது உண்டு, மிகுதியாக உண்டு, அறவே இயலாது என்பன அதன் விடைகள். நோயாளியுடன் வருவோர் பதிவுச் சீட்டு வாங்கும்போதே இந்த ஆறினுள் இடர்ப்பாடு உள்ளதைச் செவிலியரிடம் சொல்லிவிடுக: பெயர் அழைத்தால் கேட்காது, தோளைத் தொட்டு அழைக்கவும், கட்டிலில் ஏற இருவர் உதவி வேண்டும், விளக்கங்களைச் சிறு சொற்றொடர்களாகக் கூறவும். மருத்துவர் உங்களை நோக்கிப் பேசினால், நோயாளியை நோக்கிப் பேசுமாறு பணிவுடன் கேளுங்கள். பரிசோதனையின் ஒரு பகுதியிலேனும் நீங்கள் வெளியே நிற்பதை நோயாளி விரும்புகிறாரா என்று, வீட்டிலிருந்து புறப்படும் முன்னரே அவரிடம் கேட்டு வையுங்கள்.